ஆற்றை முகர்ந்து பார்த்தவள்

ஊரில் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் அப்படிப் பெரிசில்லை. சின்ன மூக்குத்தான், நுனியில் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும். ஆனால் அவள் பிழைப்பே அந்த மூக்கில்தான் இருந்தது. ஆற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, சுத்தம் பண்ணி, ஊருக்கு அனுப்புகிற நிலையத்தில், முதல் ஆளாகத் தண்ணீரை முகர்ந்து பார்க்கிற வேலை அவளுக்கு. அவள் சரி என்றால் ஊருக்குக் குடிதண்ணீர். வேண்டாம் என்றால் வீட்டுக்கு வீடு குழாய் வெறும் காற்றைத்தான் விடும். இப்படியும் ஒரு வேலையா என்று வாயைப் பிளக்காதீர்கள். அந்த வேலை எப்படி வந்தது என்பதைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

அதற்கு முதலில் இந்த ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவர்கள் வாய் மூடாது. ஆறு வந்து வளைகிற இடத்தில் படகு கட்ட வந்தவர்கள்தான் முதலில் குடிசை போட்டார்களாம். அப்புறம் துணி வெளுக்கிறவர்கள், சாயம் போடுகிறவர்கள், காகித ஆலை, பாலம், கோர்ட்டு, காலேஜ் என்று எல்லாமே ஆற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். தெருக்கள்கூட நேராகப் போகாது, ஆறு வளைந்த மாதிரியே வளையும். வெளியூருக்குப் போனால் ஒரு பாட்டில் தண்ணீர் பெட்டிக்குள் போகும். "எங்களுக்கு வெளித்தண்ணி ஒத்துக்காதுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பெண்கூட முதல் தடவை போனில் அழுதது அம்மாவை நினைத்தல்ல, தண்ணீரை நினைத்துத்தான். அவ்வளவு ராங்கி.

அந்த ராங்கியை ஒரு வருஷம் ஆறு அடக்கிவிட்டது. மேலே எங்கோ எதையோ கொட்டினார்கள். தண்ணீர் பார்க்கப் பளிங்காகத்தான் இருந்தது. மெஷின் எல்லாம் சரி என்றுதான் காட்டியது. ஊர் குடித்தது. பிறகு ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. குழந்தைகள்தான் அதிகம் போய்ச் சேர்ந்தன. இன்றைக்கும் வயசானவர்களிடம் எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டால், கெட்ட தண்ணிக்கு முன்னாடி, கெட்ட தண்ணிக்கு அப்புறம் என்றுதான் சொல்வார்கள். அந்த வருஷம் மெஷின் பிடிக்காததை ஒரு நல்ல மூக்கு பிடித்திருக்கும் என்று யாரோ புண்ணியவான் எழுதிவைக்கப்போய்த்தான் இந்த வேலையே வந்தது.

நிலையத்தில் மற்றவர்கள் மூக்கு எதற்கும் உதவாது. நாள் முழுக்கக் குளோரின் அறையில் இருந்தால் மல்லிகையும் ஒன்றுதான், மாட்டுச்சாணியும் ஒன்றுதான். அதனால் மூக்கக்காவுக்கென்று ஆற்றோரம் தனி அறை. ஆறு அந்த அறைக்குக் கீழேதான் கிணறு மாதிரி உள்ளே வரும். காலையில் ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு, உள்ளங்கையால் மூடி, நாலு சுற்றுச் சுற்றி, கையை எடுத்த கையோடு முகர்வாள். இன்னொரு குவளையை அடுப்பில் வெதுவெதுப்பாக்கி மறுபடி முகர்வாள். கடைசியாக ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவாள். பிறகு ஜன்னலுக்கு வந்து கையை மேலே தூக்கிக் காட்டுவாள். எதிரே பம்ப் அறையில் நிற்கிற பம்ப்காரத் தம்பி அதைப் பார்த்து, ஆற்றை உள்ளே விடுகிற மதகுக் கேட்டைத் தூக்குவான். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. தூக்கின கைதான் எல்லாம். பல வருஷமாக ஊர் அந்தக் கையை நம்பித்தான் குடித்தது.

அந்த மூக்கு போய்விட்டது.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே மோப்பத்தையும் வாரிக்கொண்டு போனது. அவளுக்கு அது தெரிந்ததே பால் தீய்ந்த அன்றைக்குத்தான். அடுப்புக்கு நேராக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். வாசலிலிருந்து புருஷன் ஓடி வருகிறார். "ஏய், என்ன நீ, வீடே புகையுது, கல்லு மாதிரி உக்காந்திருக்க?" என்று அடுப்பை அணைத்தார். அவள் பாத்திரத்துக்குள் முகத்தை விட்டு இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. கண்தான் எரிந்தது. உரித்த வெங்காயத்தை மூக்கில் வைத்தாள், மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து வைத்தாள், புருஷன் சட்டையைக்கூட விடவில்லை. எதுவும் இல்லை.

"போய்ச் சொல்லிட்டு வேற வேலை கேளு" என்றார் அவர்.

"சொன்னா? மூக்கு போன மூக்கக்காவுக்கு அங்க என்னங்க வேலை? மகளை இன்னும் படிக்க வைக்கணும். கொஞ்ச நாள்ல திரும்பி வந்துடுமாம், டாக்டர் சொன்னாரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார். அவள் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

அன்றிலிருந்து அவள் வயிற்றில் ஒரு பயம் வந்து குடியேறிக்கொண்டது. சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. ஊரில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும், இவளுக்குத் திக்கென்று ஆகிவிடும். எதிர்வீட்டுப் பையன் வாந்தி எடுத்தான் என்று கேட்டு ஓடிப்போய் விசாரித்தாள். பாவி மகன் கல்யாண வீட்டில் அளவில்லாமல் தின்றிருக்கிறான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்காக வேலையை விட்டாளா? இல்லை. பயந்தவர்கள் எல்லாம் சரியானதைச் செய்துவிடுகிறார்களா என்ன? பயந்துகொண்டே தப்பைச் செய்கிறவர்கள்தான் ஊரில் பாதிப் பேர்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். புருஷன் டவுன் பஸ் டிரைவர். காலையில் அவர் எடுக்கிற முதல் டிரிப் நிலையத்து வாசல் வழியாகத்தான் போகும். வாசலிலேயே ஸ்டாப். அவள் கிணற்றிலிருந்து மொண்ட தண்ணீரை மூடிபோட்ட எவர்சில்வர் டம்ளரில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். பஸ் நிற்கும். டிரைவர் ஜன்னல் வழியாக டம்ளர் உள்ளே போகும். அவர் மூடியைத் திறந்து குனிந்து ஒரு இழுப்பு இழுப்பார், சரி என்று தலையாட்டுவார், டம்ளர் வெளியே வரும். பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கு அது டீ. "இந்த வயசுலயும் டிரைவரண்ணனுக்கு நடு ரோட்டுல டீ வருது பாரு. நமக்கும் ஒருத்தி வாச்சிருக்காளே!" என்று ஒருத்தர் சொல்ல, பஸ்ஸே சிரிக்கும். டிரைவரும் சிரிப்பார். மூக்கக்காவும் சிரித்துவைப்பாள். முதுகில் வேர்வை ஊற்றும்.

"உங்க மூக்கு சரியா இருக்காங்க? நாள் முழுக்க டீசல் புகையில உக்காந்திருக்கீங்க" என்று கேட்டாள் ஒரு நாள்.

"அடி போடி. ஆத்துத் தண்ணியிலயே பொறந்து வளந்தவன் நான். எனக்குத் தெரியாத ஆத்து வாசமா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அது உண்மைதான். அவர் கீழ்ப்பக்கத்து ஆள். ஊரைத் தாண்டி ஆறு இறங்குகிற பக்கம், படகுத்துறை ஓரம் அவர்கள் வீடு. அவருடைய அப்பா படகுகளுக்குத் தார் பூசுகிறவர். அண்ணன் குடும்பம் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஊர்க் குழாய் பழைய பாலத்தோடு நின்றுவிட்டது. பாலத்துக்கு அந்தப்பக்கம் குழாய் போடுவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார்கள், குழி தோண்டுவார்கள், குழியில் தவளை கத்தும். கீழ்ப்பக்கத்துக்காரர்கள் பாட்டுக்கு ஆற்றில் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவர்களுக்கு ஒரு தனிப் பெருமை வேறு. "உங்க குழாய்த் தண்ணி மருந்துத் தண்ணி. ஆத்துத் தண்ணின்னா எங்களுதுதான்" என்பார்கள்.

அன்று காலை வானம் மூடிக்கொண்டு இருந்தது. ஆறு ஈய நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் வந்தது, டம்ளர் உள்ளே போனது. வழக்கமாகத் தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன் அன்றைக்கு இன்னொரு தடவை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் தடவையும் முகர்ந்தார்.

"என்னங்க? என்ன?"

"இன்னைக்குத்தான்டி தண்ணி தண்ணியா இருக்கு! அப்படியே எங்க வீட்டு வாசம். எங்கப்பா பக்கத்துல வந்து நின்ன மாதிரி இருக்கு." அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. பின்னாலிருந்து ஒருத்தர், "டிரைவரே, டீ குடிச்சு அழுதது போதும், வண்டியை எடுங்க" என்றார். பஸ் போய்விட்டது.

அவளுக்கும் மனசு குளிர்ந்துபோனது. அறைக்குத் திரும்பினாள், ஜன்னலுக்கு வந்தாள், கையைத் தூக்கினாள். கேட் தூக்கும் சத்தம் கடகடவென்று கேட்டது. ஆறு உள்ளே போனது.

வெயில் வராத காலை மெதுவாக நகர்ந்தது. அவள் டிபன் டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டாள். சாப்பாட்டுக்கும் வாசம் இல்லாததால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. டப்பாவைக் கழுவ குழாயடியில் நின்றபோது புருஷன் சொன்னது மறுபடி காதில் ஓடியது. எங்க வீட்டு வாசம். எங்கப்பா பக்கத்துல வந்து நின்ன மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாமனார் வந்து நின்றால் என்ன வாசம் வரும்? தார் வாசம்தான் வரும். கையில், வேட்டியில், தலைமுடியில்கூடத் தார். குளித்தாலும் போகாது.

சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது.

அவர் வீடு கீழே இருக்கிறது. நிலையம் மேலே இருக்கிறது. கீழே இருக்கிற வாசம் மேலே எப்படி வரும்? ஆறு என்ன ரிவர்ஸ் கியரா போட்டிருக்கும்?

டப்பா கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை. கிணற்றறைக்கு ஓடினாள். குவளையை விட்டு மொண்டாள், மூடினாள், சுற்றினாள், முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்தாள், தீக்குச்சி ஒடிந்தது, இன்னொன்று, இன்னொன்று. வெதுவெதுப்பாக்கி மறுபடி முகர்ந்தாள். மூக்குக்குள் சூடு போனது, அவ்வளவுதான். எண்ணெய்ப் படலம் ஏதாவது மினுங்குகிறதா என்று குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வானமோ மூடிக்கிடக்கிறது, என்ன மினுங்கும்? "அட கடவுளே, கொஞ்சம் காட்டிக்கொடேன், ஒரே ஒரு தடவை" என்று வாய்விட்டே கெஞ்சினாள். மூக்கைக் கையால் அடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதால் மூக்கு இன்னும் அடைத்துக்கொள்ளுமே என்று அதையும் விழுங்கினாள்.

காலையில் உள்ளே போன தண்ணீர் இந்நேரம் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெரிய தொட்டிகளில் தெளிந்துகொண்டிருக்கும். அங்கேயிருந்து வடிகட்டிக்குப் போகும், மேல்டேங்குக்கு ஏறும், மத்தியானத்தில் ஊருக்கு இறங்கும். பள்ளிக்கூடத்தில் மகள் பாட்டிலை நிரப்பிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் குழாய் திறப்பார்கள். கெட்ட தண்ணீர் வருஷத்தில் அவள் பெரியம்மா மகன் ஒருத்தன் போனான். அவனை வெள்ளைத்துணியில் சுற்றித் தூக்கிப்போனதை அம்மா சொல்லிச் சொல்லி அழுதது அவள் கண்முன் வந்தது.

பம்ப் அறைக்கு ஓடினாள். பம்ப்காரத் தம்பி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, கேட்டை இறக்கு."

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க? எதுக்கு இறக்கணும்?"

"உனக்கு ஏதாவது வாசம் வருதா? தார் மாதிரி?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்கா? என் பொண்டாட்டி கருவாடு வறுத்தாலே நான் பாயசமான்னு கேக்கறவன். வாசத்தை நீங்கதான எனக்குச் சொல்லணும்? இப்படித் திடீர்னு மூடணும்னா சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. எனக்கு எதுக்கு வம்பு?"

அவள் போனை எடுத்தாள். என்ஜினியர் வெளியூர்க்காரர், நல்ல மனுஷன்தான், அதிர்ந்து பேசமாட்டார். போனை எடுக்கும்போதே அவள் மனசு ஒரு பொய்யைத் தயார் பண்ணிவிட்டது. நல்ல பொய்தான், யாருக்கும் நஷ்டமில்லாத பொய்.

"சார், ஆத்துல தார் வாசம் அடிக்குது சார். கேட்டை மூடணும்."

"தார் வாசமா? எப்பலேர்ந்து?"

"இப்பத்தான் சார். இப்பதான் பாத்தேன்."

"அப்ப உடனே மூடச் சொல்லுங்கம்மா. நல்லவேளை, உடனே பிடிச்சீங்க. உங்க மூக்கு இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலையே இல்ல."

அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள். அப்படி விட்டுவிட்டுப் போனை வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் மேலே சொன்னார்: "காலைல உள்ள வந்தது நல்ல தண்ணிதானே? தொட்டியில இருக்கிறதை இப்பவே வடிகட்டிக்கு விட்டுடச் சொல்லுங்க. ஆறு தெளியற வரைக்கும் ஊருக்கு அதுதான் கைகாவல். எல்லாத்தையும் மேல ஏத்திடட்டும்."

தப்பிக்கப்போட்ட பொய், விஷத்தை இன்னும் சீக்கிரமாக ஊருக்குத் தள்ளப் பார்க்கிறது. பம்ப்காரத் தம்பி எதிரே நின்று, என்ன என்ன என்று சைகையில் கேட்கிறான். போனுக்குள் என்ஜினியர், "அம்மா? கேக்குதா?" என்கிறார். அந்த நொடியில் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். வேலை போகும். ஊர் காறித் துப்பும். மூக்கக்கா என்று கூப்பிடுகிற அதே வாய்கள் வேறு பெயர் வைக்கும். போலீஸ்கூட வரலாம். மகள் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர முடியாது. மகள் என்று நினைத்ததும் அவளுக்கு மறுபடி அந்தத் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது.

"சார், விடாதீங்க. அது நல்ல தண்ணி இல்ல சார்."

"காலைல நீங்கதானேம்மா சரின்னீங்க?"

"எனக்குத் தெரியாது சார்." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "எனக்கு மோப்பமே இல்ல சார். மழைக்காலத்துக் காய்ச்சல்லயே போயிடுச்சு. இத்தனை நாளா என் வீட்டுக்காரர்தான் முகர்ந்து பாத்துச் சொன்னாரு. நான் கையை மட்டும் தூக்கினேன்."

பம்ப்காரத் தம்பி ரேடியோவை அணைத்துவிட்டான்.

"எல்லா வால்வையும் மூடச் சொல்லுங்க" என்றார் என்ஜினியர். "நான் வர்றேன்."

ஜீப்பில் வந்து இறங்கினவர் அவளைப் பார்க்கவில்லை. நேரே தொட்டிக்குப் போனார், குனிந்து முகர்ந்தார், உதட்டைப் பிதுக்கினார். பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, தண்ணீர் தொடுகிற கோட்டில் சுவரை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையில் பழுப்பாக ஒரு பிசுக்கு. விரலால் தேய்த்தார், போகவில்லை. அதற்குள் போன் வந்துவிட்டது. மேலே பாலம் கட்டுகிற இடத்தில் தார் ஏற்றின டேங்கர் லாரி ஒன்று விடிவதற்கு முன்பே ஆற்றில் கவிழ்ந்திருக்கிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஊரில் அவள் ஒருத்திதான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தீர்களா?

தார்த் தண்ணீர் வடிகட்டியைத் தாண்டவில்லை. மேல்டேங்கில் நேற்றைய நல்ல தண்ணீர் பாதிக்குமேல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது போதும். அவள் தொட்டிச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

என்ஜினியர் அவள் முன்னால் வந்து நின்றார். "நாளையிலேருந்து வராதீங்க. விசாரணை இருக்கும். நான் ஒண்ணும் பண்ண முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "இப்பச் சொன்னீங்களே, அதையும் எழுதுவேன்" என்றார்.

சேதி எட்டி, பாதி டிரிப்பில் பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் புருஷன் ஓடி வந்தார். காக்கிச் சட்டை முழுக்க வேர்வை. அவளைப் பார்த்தார், என்ஜினியரைப் பார்த்தார். "சார், அவ மேல தப்பில்ல சார். நான்தான் முகர்ந்தேன். எனக்குத் தெரிஞ்ச வாசம், அதான் சரின்னு சொன்னேன்."

"தார் வாசம் உங்களுக்கு எப்படிங்க சரியான வாசமாகும்?"

"எங்க பக்கத்துத் தண்ணில எப்பவும் இருக்குமே சார்" என்றார் அவர், குழந்தை மாதிரி. "சின்ன வயசுலேருந்து அதைத்தான் குடிக்கிறோம். குடத்துல மொண்டா மேல நெளிநெளியா கலர் காட்டும். ஊதி ஒதுக்கிட்டுக் குடிப்போம். அதுல என்ன..."

அவர் நிறுத்தினார். என்ஜினியர் கையில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தார். மூடிக்கிடந்த கேட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போவதை மூக்கக்கா கண்ணாலேயே பார்த்தாள். இத்தனை நாள் அவள் வயிற்றில் கிடந்த பயம் இப்போது அவர் முகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

"சார், அப்ப எங்கண்ணன் புள்ளைங்க..." என்றார்.

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி முதல் தடவை அந்த வீட்டில் சொம்பை நீட்டினபோது குமட்டிக்கொண்டு வந்ததே! ஊரிலேயே நல்ல மூக்கு அவளுடையது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், எதற்கு? மேல்பக்கத்து மகாராணி என்று கேலி பண்ணுவார்களே என்றுதான். ஊர்த் தண்ணீரில் ஊசிமுனை அளவு வாசம் வந்தாலும் கேட்டை மூடினவள், அந்த வீட்டுத் தண்ணீருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவர்கள் வாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

என்ஜினியர் தன் ஜீப் சாவியை எடுத்துப் புருஷனிடம் நீட்டினார். "மேல்டேங்குலேருந்து ரெண்டு கேன் பிடிச்சுக்கங்க. வேற என்ன செய்றதுன்னு எனக்கு இப்பத் தெரியல."

கேன்களோடு இருவரும் கீழ்ப்பக்கம் கிளம்பினார்கள். பஸ் ஓட்டுகிற மனுஷன் ஜீப்பை ஓட்டத் தெரியாதவர் மாதிரி ஓட்டினார். பழைய பாலத்தைத் தாண்டினதும் ஆற்றோரம் படகுகள் கவிழ்த்துப் போட்டுக் கிடந்தன. ஒரு ஆள் ஒன்றின் வயிற்றில் தார் பூசிக்கொண்டிருந்தார். பூசிவிட்டுத் தூரிகையை ஆற்றில் அலசினார். இருவரும் பார்த்தார்கள்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அண்ணி திகைத்துப்போனாள். இரண்டு பேரும் வேலை நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கினால் யாருக்குத்தான் பக்கென்று ஆகாது? புருஷன் உள்ளே போய் மூலையில் இருந்த குடத்தைத் தூக்கினார்.

"என்ன தம்பி, குடிக்கிற தண்ணியைத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க?"

"கொட்டணும் அண்ணி. இதைக் குடிக்கக்கூடாது. தார் இருக்கு."

"தார் எப்பத்தான் இல்ல? இதைக் குடிச்சுத்தான நீங்க டிரைவர் ஆனீங்க?" அண்ணி சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். கேன்கள் இரண்டையும் பார்த்தாள். "சரி, இன்னைக்கு இதைக் குடிப்போம். நாளைக்கு?"

அவர் குடத்தோடு நின்றார். மூக்கக்கா கேனைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றினாள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அண்ணனின் கடைசிப் பெண் சித்தப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடி வந்து மூச்சு வாங்க நின்றது. வேர்த்து விறுவிறுத்திருந்தது.

"இந்தாம்மா, குடி" என்று டம்ளரை நீட்டினாள்.

குழந்தை மடக்கென்று ஒரு வாய் வைத்தது. முகத்தைச் சுளித்தது. அப்படியே தரையில் துப்பிவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு பின்னால் போனது.

"ஐயே, இது என்ன தண்ணி சித்தி? வாசமே இல்ல. இதுல என்னமோ கலந்திருக்கீங்க."

"ஒண்ணும் கலக்கலடா கண்ணு. நல்ல தண்ணிடா. சித்தி குடிக்கிறேன் பாரு."

அவள் குடித்துக் காட்டினாள். குழந்தை நம்பவில்லை. கேனையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தது, உதடு பிதுங்கியது, பயந்து ஓடிப்போய் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.